பதிவான சாவிகள்: மூன்று

வண்டி ஓடுகிறது என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். ஓடக் கூடாத சாவிக்கு அது ஓடாமல் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் சாஜிதா பேகத்துக்குச் சம்பளம். உக்கடத்திலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் சாலையில், ஈச்சனாரியைத் தாண்டியதும் வலப்பக்கம் இருந்த பட்டறையில் அவள் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்த்தாள். பழுது நீக்கிய வண்டி எதுவும் அவள் கையெழுத்து இல்லாமல் வாசலைத் தாண்டாது. இதனால் பட்டறையில் அவளை யாரும் வெறுத்ததில்லை. ஆனால் அவள் தாளை எடுத்துக்கொண்டு வருவதைக் கண்டால் எல்லாரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

அன்று அவளே கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றரை மணி. தகரக் கூரையிலிருந்து பங்குனி வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நான்கு வண்டிகள் முடிந்திருந்தன. முழங்கால் இரண்டும் தனித்தனியே வலித்தன. ஐந்தாவதாக நின்றது ஒரு வெள்ளைக் கார்.

அந்தக் காரின் கதையைப் பட்டறையில் எல்லாரும் அறிந்திருந்தார்கள். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பும் கொப்பரைக் களமும் வைத்திருக்கும் சுப்பண்ணனுடைய வண்டி அது. இருபது நாளைக்கு முன்பு ஓர் உறவினர் திருமணத்தின்போது மண்டபத்து வாசலிலிருந்து காணாமல் போயிற்று. மூன்றாம் நாள் மதுக்கரைப் பக்கம் ஒரு சிறு பாலத்தின் சுவரில் முட்டியபடி கிடைத்தது. எடுத்துச் சென்றவன் கண்ணாடியை உடைக்கவில்லை, பூட்டை நெம்பவில்லை, ஒயரைப் பிடுங்கவில்லை. சாவியைப் போட்டு ஓட்டிக்கொண்டு போயிருந்தான்.

சாவிகள் இரண்டு. ஒன்று சுப்பண்ணனின் மகன் கிருபாசங்கரிடம் இருக்கும். அன்றிரவு அது அவன் சட்டைப் பையில் இருந்ததற்கு மேடையில் எடுத்த ஒளிப்படமே சான்று. மற்றொன்று ஓட்டுநர் பிரான்சிசிடம் இருக்கும். இதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. கிருபாசங்கர் கிணத்துக்கடவுக் காவல் நிலையத்தில் அவன்மேல் புகார் எழுதிக் கொடுத்தான். பிரான்சிசை இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். மூன்றாம் முறை இன்று மாலை நான்கு மணிக்கு. வரும்போது பட்டறையிலிருந்து ஒரு தாள் வாங்கி வரும்படி இரு தரப்புக்கும் சொல்லியிருந்தார்கள்: அந்த வண்டியின் திருட்டுத் தடுப்பு வேலை செய்கிறதா, இல்லையா. வேலை செய்கிறது என்றால் பதிவு செய்த சாவி இல்லாமல் வண்டி போயிருக்க முடியாது. அப்படியென்றால் பிரான்சிசுக்குச் சொல்ல எதுவும் இல்லை.

இரண்டு சாவியும் நேரில் வேண்டும் என்று சாஜிதா சொல்லியிருந்ததால் அவனும் வந்திருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை. தன்னுடைய சாவியை அவள் மேசைமேல் வைத்துவிட்டு, காற்றடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். சுப்பண்ணனும் மகனும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். மூன்றாவது நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

“ஏனுங் மேடம், இன்னும் எவ்வளவு நேரமுங்க?” என்றான் கிருபாசங்கர். “வண்டிதான் ஓடுதில்லீங்களா? நல்லா இருக்குதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா நாங்க பாட்டுக்குப் போயிருவோம்.”

“ஓடறது பெருசில்லீங்க. ஒவ்வொரு சாவியும் பன்னெண்டு தடவ போட்டுப் பாக்கோணும்.”

“பன்னெண்டா? கோயிலச் சுத்தறதே மூணு தடவதானுங்க.”

முன்பக்க ஒயர்களைப் பழுது பார்த்த எலக்ட்ரீசியன் சிக்கந்தர் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். “அக்கா சுத்த ஆரம்பிச்சாங்கன்னா நூத்தியெட்டுங்க. நீங்க போயி டீ குடிச்சுட்டு வாங்க.”

சாஜிதா சிரிக்கவில்லை. களைத்திருக்கும்போது பேசினால் எண்ணிக்கை தவறும் என்பது அவள் அனுபவம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு காருக்குள் ஏறினாள்.

வேலை எளிதானதுதான். சாவியின் தலைக்குள் நெல்மணி அளவில் ஒரு சிப் இருக்கும். சாவித்துளையைச் சுற்றியுள்ள வளையம் அந்தச் சிப்பின் எண்ணைப் படிக்கும். எண் பொருந்தினால் எஞ்சின் ஓடும். பொருந்தாவிட்டால் ஒரு நொடி உறுமிவிட்டு அணைந்துபோகும். அச்சாகப் பல் வெட்டிய போலிச் சாவிகூடக் கதவைத்தான் திறக்குமே ஒழிய எஞ்சினை ஓட்டாது. பாலத்தில் முட்டியதில் முன்பக்க ஒயர்களும் எஞ்சினின் கணினிக்குப் போகும் இணைப்பும் சிதைந்திருந்தன. சிக்கந்தர் அவற்றை மாற்றியிருந்தான். மாற்றிய பிறகு இந்தத் திருட்டுத் தடுப்பு பழையபடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சோதனைக் கருவியைச் சொருகினாள். திரையில் முதல் வரி வந்தது. பதிவான சாவிகள்: மூன்று.

அவள் கருவியைக் கழற்றி மறுபடி சொருகினாள். மூன்று.

தாளில் எழுதுவதற்கு முன் கேட்பதுதான் முறை. இறங்கி வந்து கேட்டாள். “பெரியவருங்க, இந்த வண்டிக்குச் சாவி எத்தனைங்க?”

“ரெண்டுதானுங் அம்மணி,” என்றார் சுப்பண்ணன், தயங்காமல்.

“வண்டிக்குள்ள மூணு பதிஞ்சிருக்குதுங்க.”

கிருபாசங்கர் நாற்காலியிலிருந்து எழுந்தான். அவன் முகம் தெளிந்ததை அவள் கவனித்தாள். தேடிக்கொண்டிருந்த பொருள் தானே காலில் இடறியதுபோல. “பாத்தீங்களா அப்பா. நான் சொன்னனா இல்லியா? இவன் ஒண்ணு தனியா அடிச்சு வெச்சிருக்கறான். அதையத்தான் அன்னிக்கு எவங்கிட்டயோ குடுத்துப்போட்டான்.”

“நான் எதையும் அடிக்கலீங்,” என்றான் பிரான்சிஸ், நின்ற இடத்திலிருந்தே.

“பொறவு மூணாவது வானத்துல இருந்து உளுந்துச்சா?”

“தெரீலீங்.”

“தெரீலீங், தெரீலீங். இன்னிக்கு நாலு மணிக்கு அங்க போயி இதையே சொல்லு. தெரிய வெப்பாங்க.”

 பிரான்சிஸ் சட்டையின் கைமடிப்பை இறக்கி, பொத்தானைப் போட்டான். அந்தச் சூட்டில் அப்படிச் செய்வதற்கு ஒரு காரணமும் இல்லை.

சாஜிதா காருக்குத் திரும்பினாள். தன்னுடைய கருவி சொன்ன ஒரு வரியால் அந்த மனிதன் இன்னும் ஒரு முழம் அமிழ்ந்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. வரி தவறானதன்று, அதனால் அதை எழுதினாள். ஆனால் பாதி முடிந்த சோதனையைக்கொண்டு முழு முடிவுக்கு வருகிறவர்களைக் கண்டால் அவளுக்குக் கோபம் வரும். இன்று கோபத்துக்குப் பதிலாகச் சோர்வு வந்தது. பத்து ஆண்டுக்கு முன்பாக இருந்தால் அவனை உட்காரச் சொல்லி நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

முதலில் கிருபாசங்கரின் சாவி. போட்டாள், ஓடியது. நிறுத்தினாள். முப்பது நொடி எண்ணினாள். மறுபடி. நான்காவது முறை முகப்பிலிருந்த சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு அணையாமல் மினுக்கியது. எஞ்சின் உறுமி அணைந்தது. ஐந்தாவது முறை ஓடியது. ஒன்பதாவதிலும் பதினொன்றாவதிலும் மறுபடி நின்றது.

“மூணு தடவ நிக்குது,” என்றாள்.

சிக்கந்தரின் சிரிப்பு மறைந்தது. “என் ஜாயிண்டுல கோளாறு இல்லீங்கக்கா. ஒவ்வொண்ணையும் மீட்டர் வெச்சுப் பாத்துத்தான் மூடுனேன்.”

“அது பழைய சீக்குங்கக்கா,” என்றான் பிரான்சிஸ். அவன் தானாகப் பேசியது அதுதான் முதல் முறை. “ரெண்டு வருசத்துக்கு மேலயே இப்பிடித்தானுங். சில நாளைக்குக் காலைல எடுக்காது. சாவிய உருவி, செத்த நேரம் உட்டுப்போட்டு மறுக்காப் போட்டா எடுக்கும். சின்னவருகிட்ட எத்தன தடவையோ சொன்னனுங்.”

“ஓட்டத் தெரியாதவன் சாவியக் கொற சொல்றான்,” என்றான் கிருபாசங்கர். “எனக்கு ஒருக்காலும் நின்னதில்ல.”

“இப்ப நின்னது உங்க சாவிதானுங்க,” என்றான் சிக்கந்தர்.

பிரான்சிசின் சாவியும் அப்படித்தான். பன்னிரண்டில் இரண்டு முறை நின்றது. சாஜிதா எழுதிக்கொண்டாள். இதற்குள் மணி இரண்டாகிவிட்டது. தாளில் கடைசியாக ஒரு சோதனை மிச்சம் இருந்தது. பெரும்பாலான பட்டறைகளில் அதைச் செய்யாமலே ‘சரி’ என்று குறித்துவிடுவார்கள், யாரும் கேட்கப்போவதில்லை. இந்தப் பட்டறையிலும் அவள் விடுப்பில் இருக்கும் நாட்களில் அப்படித்தான் நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். குறித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பேனா அந்தக் கட்டத்தின் மேல் நின்றது. பிறகு சிறிய திருப்புளியை எடுத்து பிரான்சிசின் சாவித் தலையைப் பிளந்தாள். உள்ளே இருந்த சிப்பை எடுத்து ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு, தீப்பெட்டியைப் பட்டறையின் மறுகோடியிலிருந்த மேசையில் வைத்துவிட்டு வந்தாள். இப்போது கையில் இருந்தது வெறும் இரும்பு. காரில் போட்டாள்.

எஞ்சின் ஓடியது.

ஒரு நொடியில் அணைய வேண்டும். அவள் காத்திருந்தாள். பத்து நொடி, இருபது நொடி. குளிர்காற்றுகூட வரத் தொடங்கிவிட்டது. நிறுத்தினாள். மறுபடி போட்டாள். ஓடியது. பன்னிரண்டு முறை போட்டாள். பன்னிரண்டு முறையும், ஒருமுறைகூடத் தயங்காமல், ஓடியது.

“சூப்பருங்க,” என்றான் கிருபாசங்கர். “இப்பத்தான் நல்லா எடுக்குது.”

“எடுக்கக் கூடாதுங்க,” என்றாள் சாஜிதா.

அவள் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கின்மேல் கைகளை வைத்தபடி யோசித்தாள். சிப் இருந்தால் சில முறை நிற்கிறது. சிப் இல்லாவிட்டால் நிற்பதே இல்லை. வளையம் வேறொரு சிப்பைப் படித்துக்கொண்டிருக்கிறது. சாவியின் சிப்பும் கூட வந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி, வளையத்துக்கு ஒன்றும் விளங்காமல் போகிறது. அப்படியானால் அந்த மூன்றாவது, காருக்குள்ளேயே இருக்கிறது.

“சிக்கந்தர், ஸ்டார் திருப்புளி எடுத்துட்டு வா தம்பி. இந்த உறையக் கழத்தோணும்.”

ஸ்டீயரிங்கின் அடியிலிருந்த பிளாஸ்டிக் உறையை அவன் கழற்றினான். முன்பக்க வேலைக்கு அதைத் திறக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. உறையின் உட்புறம் தூசி படிந்திருந்தது. வளையத்தின்மேல் ஒரு சிறு முடிச்சுப்போல வெள்ளை நாடா சுற்றியிருந்தது. ஒட்டும் பட்டை அன்று; துணி நாடா. அதன்மேல் பூசிய வார்னிஷ் காய்ந்து தேன்நிறமாகி இறுகியிருந்தது. அவள் பிளேடால் மெதுவாக அறுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு நெல்மணி.

தகப்பனும் மகனும் வந்து குனிந்து பார்த்தார்கள். பிரான்சிஸ் வரவில்லை.

“திருட்டுப்பய,” என்றான் கிருபாசங்கர் மெல்ல. “எங்க கொண்டுபோயி ஒளிச்சு வெச்சிருக்கறான் பாருங்க.”

“இந்த வார்னிஷ் பத்து இருவது நாள்ல இப்பிடி ஆகாதுங்க,” என்றாள் சாஜிதா. “ரெண்டு மூணு வருசமாவது இருக்கும்.”

“அவன் நாலு வருசமா எங்ககிட்ட இருக்கறானுங்க.”

சாஜிதா அவனைப் பார்க்கவில்லை, சுப்பண்ணனைப் பார்த்தாள். அவர் அந்த நாடாவை ஒருமுறை பார்த்தார். பிறகு வெளியே சாலையைப் பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை; ஒரு தேங்காய் லாரி போய்க்கொண்டிருந்தது. எழுபது வயது மனிதர் அவ்வளவு கவனமாக அதைப் பார்த்ததால்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

“பெரியவருங்க, இது மோட்டாரு காயிலுக்குச் சுத்தற நாடாங்க. கார்க்காரங்க இதைய உபயோகிக்க மாட்டாங்க. உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“அவருக்கு என்னுங்க தெரியும்?” என்றான் மகன். “அந்தப் பிரான்சிசு—”

“சித்த சும்மா இரு சங்கரு,” என்றார் சுப்பண்ணன்.

அவர் நாற்காலிக்குத் திரும்பிப் போய் அமர்ந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். “அது களத்துச் சாவிதானுங் அம்மணி,” என்றார்.

“களத்துச் சாவின்னா?”

அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது புதிதாகக் கேட்பதுபோல் இருந்தது. கொப்பரை காயப்போடும் களத்தின் ஓரத்தில்தான் கார் நிற்கும். லாரி வந்தால் நகர்த்த வேண்டும். நகர்த்துவதற்கு ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு ஆளனுப்பிச் சாவி வாங்க முடியாது. அதனால் மூன்று வருடத்துக்கு முன்பு அவரே உக்கடத்தில் ஒரு சாவி போட்டு, வண்டியிலும் பதிய வைத்துக் கொண்டுவந்து, மோட்டார் அறை ஆணியில் மாட்டினார். களத்து ஆட்கள் கைப்பட்டு ஒரு மாதத்தில் அதன் தலை உடைந்தது. சிப் தனியாக, இரும்பு தனியாக வந்துவிட்டது. அன்றைக்குத்தான் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் சென்னியப்பன் வந்திருந்தான்.

“அவங் கைக்கு எது கெடச்சாலும் கட்டிப்போடுவானுங். ‘இதுக்கா உக்கடம் போறீங்க’ன்னு சொல்லிப்போட்டு, அந்த மணிய எடுத்து வளையத்துல வெச்சு நாடாவச் சுத்திப்போட்டான். ‘இனி தல இல்லாட்டியும் ஓடும்’னான். ஓடுச்சுங். அப்பறம் அது மோட்டாரு ரூம்பு சாவிகூடத்தான் தொங்கிட்டிருந்துச்சு.”

“நீங்க ரெண்டு சாவின்னீங்களே.”

“காருச் சாவி ரெண்டுதானுங்களே அம்மணி,” என்றார் அவர். ஏமாற்றும் குரலாக அது இல்லை. மோட்டார் அறைக்கு ஒரு சாவி, கேட்டுக்கு ஒரு சாவி, களத்துக்கு ஒரு சாவி. மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் அதைக் காரின் சாவியாக எண்ணியதில்லை. அதனால் காணாமல் போனபோதும் எண்ணவில்லை.

“இப்ப எங்க இருக்குதுங்க அது?”

சுப்பண்ணன் கைப்பேசியை எடுத்து மனைவியை அழைத்தார். நாச்சியம்மாளின் குரல் பட்டறை முழுதும் கேட்டது. “இருங், பாத்துட்டு வாரன்.” நெடுநேரம் கோழிச் சத்தம். பிறகு: “மோட்டாரு சாவி இருக்குதுங். அந்த மொட்டச் சாவியக் காணமுங்களே. கல்யாணத்தன்னிக்குச் சீர்த் தட்டு ஏத்தறப்ப ஊட்டுக்கு வந்த ஒறம்பரப் பசங்க வண்டிய எடுத்தாங்கள்ல, அவுங்கதான் உருவிட்டுப் போனாங்க. திருப்பி மாட்டலயாட்ட இருக்குது. ஏனுங், இப்ப எதுக்குங்க அது?”

“ஒண்ணுமில்ல,” என்று அவர் துண்டித்தார்.

 மண்டபத்து வாசலில் பத்துப் பன்னிரண்டு வண்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்திய கூட்டத்தில், அந்த மொட்டைச் சாவி காரிலேயே தொங்கியிருக்கலாம். யார் கையிலும் இருந்திருக்கலாம். இருபது நாளாக யாரும் எண்ணிப் பார்க்காதது இப்போது எல்லாருக்கும் தெரிந்தது. காற்றடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவனுக்கும் காது இருந்தது.

முதலில் பேசியவன் கிருபாசங்கர்தான். குரலைத் தாழ்த்தியிருந்தான். “மேடம், இத எடுத்துப்போடுங்க. எடுத்துட்டா இப்ப வண்டி நல்லாத்தான இருக்கும்? நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுங்க. போதும்.”

சிக்கந்தரும் அவள் பக்கத்தில் வந்து நின்றான். “அக்கா, அதுல பொய் எதுவும் இல்லீங்களே. அழிச்சுட்டு மறுபடி பாத்தா சரியாத்தான் இருக்கும். எதுக்கு வம்பு? கஸ்டமரு வேற.”

அதில் பொய் இல்லைதான். அதுவே அவளை வருத்தியது. சரிபார்த்து, ஒரே வரியில் ‘திருட்டுத் தடுப்பு சரியாக வேலை செய்கிறது’ என்று எழுதினால் ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்கும். அந்த உண்மையை எடுத்துக்கொண்டு நான்கு மணிக்கு ஒருவனை உள்ளே வைத்துவிடுவார்கள். எழுதாவிட்டால் முதலாளி கூப்பிட்டுக் கேட்பார். இந்தக் குடும்பத்தின் டிராக்டர், டெம்போ எல்லாம் இனி வேறு பட்டறைக்குப் போகும். ஒரு நாளைக்கு எத்தனை பேருடன்தான் சண்டை போடுவது. அவளுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது.

பேசாமல் வேலையை முடித்தாள். மூன்றாவது சிப்பை எடுத்துவிட்டு அதன் பதிவை அழித்தாள். பிரான்சிசின் சாவியில் அதன் சிப்பைத் திரும்ப வைத்து மூடினாள். இரண்டு சாவியையும் பன்னிரண்டு முறை போட்டாள், ஒருமுறைகூட நிற்கவில்லை. மறுபடி சிப்பை எடுத்து வெறும் இரும்பைப் போட்டாள். எஞ்சின் ஒரு நொடி உறுமி அணைந்தது, மறுமுறையும் அணைந்தது. பன்னிரண்டாம் முறை அணைந்தபோது அவள் கண்களை மூடித் திறந்தாள்.

பிறகு மேசையில் அமர்ந்து எழுதினாள். தாளில் இரண்டு பத்திகள் உண்டு. வந்தபோது இருந்த நிலை, போகும்போது உள்ள நிலை. முதல் பத்தியைப் பெரும்பாலும் யாரும் நிரப்புவதில்லை. அவள் நிரப்பினாள். பதிவான சாவிகள் மூன்று. மூன்றாவது சிப், சாவி வளையத்தில் துணி நாடாவால் கட்டப்பட்டிருந்தது. இந்நிலையில் பல் பொருந்தும் எந்தச் சாவியாலும் வண்டியை ஓட்ட முடியும். கட்டு பழையது, இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

கிருபாசங்கர் தோளுக்கு மேலாகப் படித்தான். “நான் ரெண்டு சாவின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறனுங்க. நீங்க மூணுன்னா, நான் பொய்யனாயிருவனுங்க.”

“உங்களப் பொய்யர்னு எழுதலீங்க. மூணுன்னுதான் எழுதியிருக்கறேன்.”

“இதைய அங்க காட்டுனா ஊருல எங்க பேரு என்னாகுமுன்னு தெரியுமுங்களா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காற்றடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவனைக் கைகாட்டினாள்.

“எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும் அம்மணி,” என்றார் சுப்பண்ணன்.

“அப்பா—”

“நாந்தான் சாவி போட்டது. நாந்தான் கட்டச் சொன்னது. நீ போடா.”

கிருபாசங்கர் போனான். அவனுடைய புல்லட் சாலையில் ஏறி, கிணத்துக்கடவுப் பக்கம் திரும்பும் வரை எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாஜிதா தாளின் படியொன்றைப் பிரான்சிசிடம் நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். நின்றபடியே, உதடு அசைய, முழுவதையும் படித்தான். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை.

“ஏனுங்கக்கா,” என்றான். “இதுல என் பேரு இல்லீங்களே.”

“வண்டியப் பத்தின தாள்ங்க இது.”

“சரிதானுங். ஆனா அவங்க எழுதுனதுல என் பேருதானுங்க இருக்குது.” அவன் குரலை உயர்த்தவில்லை. “எங்க வீதில எம் பையனக் கார்த்திருடன் மகன்னுதான் கூப்படறாங்க. அவங்கிட்ட இந்தத் தாளக் காட்டி, நாடா, சிப்புன்னு நான் என்ன சொல்றதுங்?”

 அவளுடைய தாளில் அதற்கு இடம் இல்லை. இருந்தாலும் அதை நிரப்பும் உரிமை அவளுக்கு இல்லை. அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பேனாவையும் வைத்து, சுப்பண்ணன் பக்கம் நகர்த்தினாள்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீயே எழுது அம்மணி. கையெழுத்துப் போட்டுத் தாரேன். எனக்குக் கண்ணாடி ஊட்டுல இருக்குது.”

“உங்க கைல எழுதுனா நல்லதுங் பெரியவருங்க,” என்றான் பிரான்சிஸ்.

சாஜிதா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். அது அவருக்குச் சரியாக இல்லை. காது வரை எட்டாமல் நின்றது. தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பேனாவைப் பிடித்தார்.

“என்னன்னு எழுதட்டும்?”

“நடந்ததைய எழுதுங்.”

அவர் எழுதினார். நான்கு வரிகளுக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. மூன்றாவது சாவி தம் வீட்டுக் களத்தில் இருந்தது, தாம்தான் போட்டது, அது பிரான்சிசின் கையில் இருந்ததில்லை, அவன்மேல் சொன்ன குற்றம் தவறு. கடைசி வரியில் பேனா நின்றது. அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார்.  அவர் எழுதிக் கையொப்பமிட்டுத் தேதியும் போட்டார்.

மூன்றேகால் ஆகியிருந்தது. பிரான்சிஸ் இரண்டு தாளையும் மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்தான்.

“வண்டிய எடு கண்ணு,” என்றார் சுப்பண்ணன். “அங்கயே போயிரலாம். நாளைக்கு இருந்து எப்பயும் போல வேலைக்கு வந்துரு.”

மேசைமேல் இரண்டு சாவியும் கிடந்தன. பிரான்சிஸ் அவற்றைத் தொடவில்லை. “நான் இந்த வண்டிய எடுக்கலீங். பஸ்ஸுல போயிக்கறனுங்.”

“எனக்கு ஓட்டத் தெரியாதே கண்ணு.”

“அது எனக்குத் தெரியுமுங்.”

அவன் சாஜிதாவைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு வெளியே நடந்தான்.  சுப்பண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்து அவளிடம் கொடுத்தார்.

“வண்டி இங்கயே நிக்கட்டும் அம்மணி. தாளக் காட்டுனா மட்டும் அவங்க உடுவாங்கன்னு சொல்ல முடியாது. நான் போயி நேர்ல சொல்லிப்போடறேன்.”

“சீக்கிரம் போங்க பெரியவருங்க. இப்ப ஒரு பஸ் வரும்.”

அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடக்க முயன்றார். சாஜிதா வாசல்வரை வந்து நின்றாள். கால் இரண்டும் கனத்தன. சாலையின் எதிர்ப்புறம் நிறுத்தத்தில் பிரான்சிஸ் உறையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். சுப்பண்ணன் அவனிடமிருந்து நாலைந்து அடி தள்ளி நின்றார். பொள்ளாச்சிப் பேருந்து வந்தது. பிரான்சிஸ் பின்படியில் ஏறினான். படி உயரமாக இருந்ததால் கிழவர் கம்பியைப் பிடித்தபடி தடுமாறினார். மேலே நின்றவன் திரும்பிப் பார்த்தான். கை நீட்டவில்லை, ஆனால் அவர் ஏறும் வரைக்கும் நடத்துநரை விசில் அடிக்க விடாமல் நிறுத்தி வைத்தான்.